கிணற்று முறையில் ஓடிய கார்

எழுதுவதற்கு எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. பள்ளி இறுதி வகுப்பில் இரண்டாவது தடவைதான் தேறினேன். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் உரமூட்டையில் அச்சடித்திருப்பதும் பத்திரத்தில் எழுதியிருப்பதும்தான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. பேசவே வராதவன் எழுத வந்துவிட்டானே என்று நினைப்பீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் விட்டது நெஞ்சில் கிடந்து அறுக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். இந்த மன்னிப்பு படிக்கிற உங்களிடம் மட்டும். என் அண்ணனிடம் இல்லை. அவன் படித்தால் படிக்கட்டும். எதிர் வீட்டில்தான் இருக்கிறான், வந்து கேட்கட்டும்.

ஒரு காருக்காகக் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்தவன் என்று எங்கள் பக்கத்தில் என்னைச் சொல்வார்கள். அது பொய் இல்லை. எப்படிக் கொடுத்தேன், கொடுத்ததற்கு என்ன கிடைத்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பாப்பாரப்பட்டிக்கு மூன்று மைல் தள்ளி. அப்பா அந்தக் காரை ஏற்காட்டில் வாங்கினார். காப்பித் தோட்டத்தை விற்றுவிட்டு சீமைக்குக் கப்பல் ஏறிய ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போனது. யுத்தத்துக்கு முன்னால் செய்த வண்டி. அதன் முகப்பில் கம்பெனியின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. எங்கள் ஊரில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை, நானும் இங்கே எழுதவில்லை. 'பிளசர்' என்பார்கள். பிளசர் என்றால் சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றுதான்.

கரும்பச்சை நிறம். முன்விளக்குகள் இப்போது வருகிற மாதிரி உடம்புக்குள் பதுங்கியிருக்காது, இரண்டு குடம் போல வெளியே தனியாக நிற்கும். கதவுக்குக் கீழே, ஏறி நிற்பதற்கு நீளமாக ஒரு பலகை. திரும்பும்போது பக்கத்துத் தூணிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்பாக ஒரு கை வெளியே நீட்டும், திரும்பி முடித்ததும் தானாக உள்ளே போகும். அந்தக் கையைப் பார்ப்பதற்காகவே நான் திரும்பத் தேவையில்லாத இடத்திலும் திரும்பியிருக்கிறேன். கதவைச் சாத்தினால் தகரச் சத்தம் வராது. நெல் நிறைந்த குதிரின் மூடியைப் போட்ட மாதிரி கனமாக ஒரு சத்தம்.

அப்பா ஓட்டும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ரோட்டைப் பார்த்ததே இல்லை, அவர் கால்களைத்தான் பார்ப்பேன். எந்தக் கால் எப்போது அமுக்குகிறது, எப்போது விடுகிறது என்று பார்த்துப் பார்த்தே ஓட்டக் கற்றுக்கொண்டேன். தருமபுரியில் படித்தபோது பள்ளி விட்டதும் நேராக சேலம் ரோட்டுக்குப் போய் நின்றுகொள்வேன். பெங்களூரிலிருந்து பெரிய பெரிய அமெரிக்க வண்டிகள் வரும், பின்பக்கம் மீன் துடுப்பு மாதிரி தூக்கிக்கொண்டு. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே எத்தனை சிலிண்டர் என்று சொல்வேன். யாரும் கேட்கவில்லை, எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மற்றவர்கள் கனவில் காரில் போவார்கள். என் கனவில் நான் காரில் உட்கார்ந்ததே இல்லை, எப்போதும் பானெட்டைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டுதான் நிற்பேன். அப்புறம் நம் நாட்டிலேயே செய்து ரோடெல்லாம் நிறைந்த அந்த உருண்டைக் கார்கள் எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. தேய்ந்த சோப்புக்கட்டி.

அறுபதுகளின் நடுவில் அப்பா போய்ச் சேர்ந்தார். இரண்டு வருஷத்தில் அண்ணனும் நானும் பாகம் பிரித்தோம். எனக்குக் கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. மணியக்காரர் வந்து உட்கார்ந்து நிலம், வீடு, மாடு எல்லாவற்றையும் இரண்டாக்கினார். கிணறு ஒன்றுதான். அதை வெட்டிப் பிரிக்க முடியாது, அதனால் முறை. நான்கு நாள் அண்ணன் இறைக்க வேண்டும், அடுத்த நான்கு நாள் நான். அவரவர் எருது, தண்ணீர் மொள்ளுகிற சாலும் அதை இழுக்கிற வடமும்கூட அவரவருடையது. முறை முடிகிற அன்று சாயங்காலம் தன் சாலையும் வடத்தையும் கழற்றிக்கொண்டு கிணற்று மேட்டை வெறுமையாக விட்டுப் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பிகள் எல்லோரும் அப்படித்தான் இறைக்கிறார்கள்.

கடைசியில் கார் மிச்சமிருந்தது. மணியக்காரர் என்னைப் பார்த்தார். "சின்னவனே, உனக்கு என்னப்பா வேணும்? வாயத் தொறந்து சொல்லு."

எனக்குக் கார் வேண்டும். வடக்குக் காட்டை அவனே எடுத்துக்கொள்ளட்டும், எருது ஜோடியையும் எடுத்துக்கொள்ளட்டும், கார் மட்டும் போதும் என்று மூன்று நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஆனால் அங்கே பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் காது சூடாகிவிட்டது. கால் கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டு நின்றேன்.

"அவனுக்கு ஒண்ணும் வேணாமாம்" என்றான் அண்ணன். "எனக்கு வேணும்."

அவனுக்குக் காரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. கிளட்ச்சின் மேல் காலை வைத்தபடியேதான் ஓட்டுவான், செருப்பு வைக்கிற இடம் என்று நினைத்தான் போலிருக்கிறது. எனக்குப் பிடிக்கும் என்று தெரிந்துதான் கேட்டான். என் முகத்தைப் பார்த்த மணியக்காரருக்கு என்ன தோன்றியதோ, சிரித்துக்கொண்டே சொன்னார்.

"எதுக்குச் சண்டை? கெணத்தாட்டமே இதுக்கும் முறை வச்சுக்குங்க. நாலு நாள் அவனுக்கு, நாலு நாள் உனக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். பத்திரம் எழுதுகிறவர் சிரிக்காமல் எழுதிவிட்டார். கிணற்றுக்கு எழுதிய வரிக்குக் கீழேயே 'மேற்படி முறைப்படி மோட்டார் வாகனமும்' என்று இருக்கிறது. இன்றும் அந்தப் பத்திரம் என்னிடம் இருக்கிறது.

கிணற்று முறையில் முதலில் வந்தது பெட்ரோல். அவன் முறை முடிந்து வண்டி என்னிடம் வரும்போது டாங்கில் ஒரு சொட்டு இருக்காது. ரப்பர் குழாயை விட்டு வாயால் உறிஞ்சி எடுத்துவிடுவான். "அவரவர் தண்ணி அவரவர் எறைச்சுக்க வேண்டியதுதான்" என்றான். அடுத்தது பேட்டரி. நான் பேட்டரியை வடித்துவிட்டேன் என்று ஊர் முழுக்கச் சொன்னான். தருமபுரிக்குப் போய்ப் புதுப் பேட்டரி வாங்கி வந்து, தன் முறை முடிந்ததும் கழற்றி வீட்டுக்குள் வைத்துக்கொண்டான். நானும் ஒன்று வாங்கினேன்.

சக்கரத்தை ஆரம்பித்தது நான்தான். ஒப்புக்கொள்கிறேன். புது டயர் நான்கு போட்டிருந்தேன். அந்த அளவு டயர் கிடைக்க ஐந்து மாதம் காத்திருந்தேன். அவன் தன் முறையில் கல் உடைக்கிற இடத்துக்கு ஓட்டிப் போனதில் இரண்டில் வெட்டு விழுந்து வந்தது.  என் முறை முடிந்த அன்று நான்கு சக்கரத்தையும் கழற்றி வீட்டுக்குள் உருட்டிக்கொண்டு போய், வண்டியை நான்கு கல்லின் மேல் உட்கார வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் அவன் கொட்டகைக்கு வந்து பார்த்துவிட்டுக் கத்தினதை நான் வீட்டுக்குள் இருந்தபடியே கேட்டேன். சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன்.

தருமபுரியில் மெக்கானிக் பாய் ஒருவர் இருந்தார். அப்பா காலத்திலிருந்து இந்த வண்டியைப் பார்த்தவர். அண்ணனுக்காக இன்னும் நான்கு சக்கரங்களை எங்கேயோ தேடிப் பிடித்துப் பொருத்திக் கொடுத்தார்.

"ஒரு வண்டிக்கு எட்டு சக்கரம்" என்றார் என்னிடம். "லாரியே ஆறுலதான் ஓடுது தம்பி. உங்க வூட்டு வண்டி சின்ன ரயிலாட்டம் ஆயிடுச்சு."

எட்டு நாளைக்கு இரண்டு தடவை வண்டி கை மாறும். அன்றைக்குக் காலையில் ஊரில் பாதிப்பேர் கொட்டகைக்கு முன்னால் கூடிவிடுவார்கள். ஒருவன் சக்கரத்தைக் கழற்றி உருட்டிக்கொண்டு வெளியே வருவான், இன்னொருவன் உருட்டிக்கொண்டு உள்ளே போவான். ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டோம். கன்னடம் பேசுகிற பெரியவர் ஒருவர், மேற்குத் தெருக்காரர், தவறாமல் வந்துவிடுவார்.

"சாக்கப்பா சாக்கு" என்பார், போதும் என்று அர்த்தம். "இது காரா, லாடம் அடிக்கப் படுக்கப் போட்ட மாடா? எப்பப் பார்த்தாலும் காலைக் கழட்டறீங்களே."

"மாடா இருந்தா ஒரு தடவையாச்சும் ஒதைச்சிருக்கும்" என்று இன்னொருவர் சொல்வார். "இது ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதே, சின்னவனாட்டமே."

எல்லோரும் சிரிப்பார்கள். நான் நட்டு முறுக்கிக்கொண்டிருப்பேன். அவர்கள் ஒவ்வொருவரின் முகமும் எனக்கு நினைவிருக்கிறது. பலர் இப்போது இல்லை. அதற்காக வருத்தப்படுகிறேன் என்று சொல்ல முடியாது.

மூன்று வருஷம் இப்படி ஓடியது. கழற்ற முடிந்ததையெல்லாம் இரண்டு பேரும் பத்திரமாகக் கழற்றி வைத்துக் காப்பாற்றினோம். கழற்ற முடியாததை இரண்டு பேரும் சேர்ந்து கொன்றோம். கியர் பெட்டிக்கு எண்ணெய் யார் ஊற்றுவது? நான் ஊற்றினால் அவனும் அல்லவா ஓட்டுவான்? அவனுக்கும் அதே எண்ணம். கிணற்றைத் தூர் வாருவது இருவரும் சேர்ந்து செய்ய வேண்டியது என்று பத்திரத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. காருக்குத் தூர் வாருவதைப் பற்றி மணியக்காரர் ஒரு வார்த்தை எழுதவில்லை.

ஒருநாள் பாப்பாரப்பட்டி மேட்டில் ஏறும்போது வண்டி உடம்பெல்லாம் நடுங்கியது. தருமபுரி வரை எப்படியோ ஓட்டிப்போய் பாயிடம் நிறுத்தினேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்து கை துடைத்தார்.

"கிளட்ச் தட்டு கருகிப்போச்சு. கியர் பொட்டி காஞ்சு கெடக்குது. இன்னும் ஒரு வருசம் ஓடும் தம்பி. அப்புறம் அண்ணன் நாலு நாள், நீங்க நாலு நாள், முறை வச்சுத் தள்ளிக்கிட்டுப் போங்க."

"சரி பண்ண முடியாதுங்களா பாய்?"

"ஒரே கையில இருந்தா பண்ணலாம். நான் இன்னிக்கிப் பண்ணிக் குடுப்பேன், உங்க அண்ணன் நாளைக்கிக் காலைத் தூக்கி மேல வைப்பாரு. எதுக்கு?"

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த நடுக்கத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன். ஒரே கை. எனக்கு வேறு எதுவும் மனசில் ஓடவில்லை. அன்றைக்குச் சாயங்காலம், மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக, அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"காரை எனக்கே விட்டுடு" என்றேன்.

அவன் மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. "விட்டா?"

"என்ன கேக்கறே?"

"உனக்கு என்ன இருக்குது குடுக்கறதுக்கு?" என்றான். கொஞ்ச நேரம் தீவனத்தைக் கிளறினான். அவன் யோசிக்கவில்லை. இந்த நாளுக்காகத்தான் மூன்று வருஷமாகக் காத்திருந்தான் என்று இப்போது எனக்குத் தெரியும். "தண்ணியக் குடு. உன் நாலு நாள்ல ரெண்டு நாளு. எனக்கு ஆறு, உனக்கு ரெண்டு. காரு முழுசா உனக்கு."

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கிணற்றில் பாதிதான் தண்ணீர். என் மனைவி அரை ஏக்கரில் மிளகாய் நட்டிருந்தாள். நாற்று விட்டது, பிடுங்கினது, நட்டது எல்லாம் அவள்தான். நான் எருது ஓட்டினதோடு சரி. பொம்மிடிப் பக்கத்தில் அவள் அப்பா வீட்டில் மிளகாய் வைத்துத்தான் பிழைத்தார்கள், அதனால் அவளுக்கு அதன் பக்குவம் தெரியும். அந்த மிளகாயை நம்பித்தான் அடுத்த வருஷத்துச் சாப்பாடே இருந்தது. நான்கு நாளைக்கு ஒரு தண்ணீர் இல்லாவிட்டால் பூ உதிர்ந்துவிடும் என்று அவள் என்னிடம் பத்து தடவையாவது சொல்லியிருப்பாள்.

எல்லாம் தெரிந்துதான் "சரி" என்றேன்.

மறுநாள் அவள் சந்தைக்குப் போயிருந்த நேரம் மணியக்காரரை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அவளிடம் கேட்கவில்லை. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உண்மையில் எப்போதுமே சொல்லியிருக்க மாட்டேன்.

கையெழுத்து ஆனதும் எல்லோரும் கொட்டகைக்கு வந்தோம். அன்றைக்கு அண்ணன் முறை, அதனால் வண்டி அவன் சக்கரங்களில் நின்றிருந்தது. அவன் ஸ்பானரை எடுத்து உட்கார்ந்தான். சக்கரம் நான்கு, பேட்டரி, ஹாரன், சீட்டின் மேல் அவன் போட்டிருந்த உறை, கண்ணாடி துடைக்கும் கம்பி எல்லாம் வெளியே போயிற்று. டாங்கில் குழாய் விட்டு பெட்ரோலை உறிஞ்சினான். முடிந்தது என்று நினைத்தேன். பிறகு வண்டிக்கு முன்னால் குனிந்து ரேடியேட்டருக்குக் கீழே இருக்கிற சின்னக் குழாயைத் திருகிவிட்டான். தண்ணீர் மண்ணில் ஓடியது.

"அது எதுக்குப்பா?" என்றார் மணியக்காரர்.

"என் முறையில எறைச்ச தண்ணிங்க" என்றான் அண்ணன். "நான் சாலைக் கழட்டிக்கிட்டுப் போற மாதிரிதான் இதுவும். முறைன்னா முறைதானுங்க."

மணியக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசிச் சொட்டு விழுகிற வரைக்கும் அண்ணன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். நான் அவனை அடித்திருக்க வேண்டும். குறைந்தது ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான் அந்த ஈரமண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் இதையும் எழுதிவிடுகிறேன்: அந்த நேரத்தில்கூட, இந்த ரேடியேட்டரை நன்றாகக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும், உள்ளே துரு இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவிக்கு விஷயத்தைச் சொன்னது அண்ணி. சந்தையிலிருந்து கூடையோடு வந்தவளை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நிறுத்தினாள்.

"ஏம்மா, உன்னூட்டுக்காரரு தண்ணியக் குடுத்துட்டுத் தகரம் வாங்கியிருக்காராமே, தெரியுமா? மொளகாச் செடிக்கு இனிமே பெட்ரோல் ஊத்துவாராட்டமிருக்குது."

அவள் கூடையை இறக்கவில்லை. கொட்டகைக்கு வந்து என்னைப் பார்த்தாள். நான் என் சக்கரங்களை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"எத்தனை நாளுங்க?" என்றாள்.

"ரெண்டு."

"எத்தனைக்கு ரெண்டு?"

"எட்டுக்கு ரெண்டு."

"மொளகாய்க்கு?"

கையிலிருந்த நட்டை மாட்டி முறுக்கினேன்.  அவள் அதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த பதினைந்து நாள் நான் தருமபுரியில் பாயின் ஷெட்டிலேயே கிடந்தேன். கிளட்ச் தட்டு சேலத்திலிருந்து வந்தது. கியர் பெட்டியை இறக்கி, ஒவ்வொரு பல்லாகத் துடைத்துப் புது எண்ணெய் ஊற்றினோம். கார்புரேட்டரைப் பிரித்து, மூச்சு விடாமல் வேலை பார்த்தோம். அந்தப் பதினைந்து நாளும் என் வாழ்க்கையில் நல்ல நாட்கள். என் முறை வந்த நாட்களில் ஊருக்குப் போய் எருது ஓட்டிவிட்டுத் திரும்பினேன், ஆனால் மனசு ஷெட்டில்தான் இருந்தது. கடைசி நாள் பாய் ஸ்டார்ட் செய்துவிட்டு, பானெட்டின் மேல் தண்ணீர் நிறைந்த ஒரு டம்ளரை வைத்தார். தண்ணீர் அசையவில்லை.

"எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். "ஆனா தம்பி, காரை வச்சிக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? மாப்பிள்ளை அழைப்புக்கு விடலாமே, ஓடிக்கிட்டே இருக்கும்."

தலையாட்டினேன். அதற்கு நாலு பேரிடம் போய்ச் சொல்ல வேண்டும், வாங்க போங்க என்று பேச வேண்டும். அது என்னால் நடக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைவிட, கண்டவன் சந்தனக் கையோடு அந்தக் கதவைத் தொடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஊருக்கு ஓட்டி வந்தேன். மிளகாய்த் தோட்டத்தில் வாய்க்கால் கடைசி வரைக்கும் தண்ணீர் போகவில்லை. முதல் பாதிச் செடி பச்சையாக இருந்தது, அதற்கு அப்பால் இலை சுருண்டு கிடந்தது. அவள் தினமும் அரை மைல் தள்ளியிருந்த ஊர்க் கிணற்றிலிருந்து குடத்தில் கொண்டுவந்து வேர் வேராக ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு வைப்பாள், நகர்ந்து போவாள். அண்ணி வேலிப் பக்கம் வந்து நின்றுகொண்டு, "என்னம்மா இது, குடத்துல? கார்ல கொண்டாரச் சொல்லக் கூடாதா?" என்பாள். காரில் கொண்டுவரலாம் என்று எனக்கும் தோன்றியதுதான். ஆனால் குடம் தளும்பினால் சீட்டுத் தோல் பாழாகிவிடும்.

இப்படி ஒரு மாதம். அதற்கப்புறம் என் முறை வந்த ஒரு நாள். காலையில் இறைத்து முடித்து எருதுகளை அவிழ்த்துவிட்டேன். முந்தின நாள் பென்னாகரம் ரோட்டில் சும்மா ஓட்டிவிட்டு வந்ததில் வண்டியெல்லாம் செம்மண். தொட்டியிலிருந்து இரண்டு வாளித் தண்ணீர் எடுத்து வந்து துணியை நனைத்துக் கழுவ ஆரம்பித்தேன். மட்கார்டில் ஆரம்பித்து, விளக்கு, பலகை, கதவு என்று வந்தபோது பின்னால் அவள் நிற்பது தெரிந்தது. இடுப்பில் வெறும் குடம்.

"கடேசி மூணு பாத்தி காஞ்சு நிக்குதுங்க" என்றாள். "பூவெல்லாம் கொட்டிப்போச்சு. இதைக் குளிப்பாட்டறீங்களா?"

ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. அதற்கு நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்.

"மண்ணு படிஞ்சா பெயிண்ட் போயிடும்."

அவள் குனிந்து, மிச்சமிருந்த அரை வாளியை எடுத்துக் கொண்டு தோட்டத்துக்குப் போனாள். கழுவின அழுக்குத் தண்ணீர். அதைச் செடிக்கு ஊற்றினாள்.

மறுநாள் காலை ஒன்பது மணி இருக்கும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு படி இறங்கினாள். குழந்தைக்கு அப்போது நான்கு வயது. யாரிடமும் சொல்லவில்லை. பாப்பாரப்பட்டிக்கு நடந்து, அங்கே பஸ் பிடித்துத் தருமபுரி, அங்கிருந்து பொம்மிடி. அதுதான் அவள் அப்பா வீட்டுக்கு வழி. நான் கொட்டகைக்கு ஓடிப்போய் வண்டியை எடுத்தேன்.

ஊர் எல்லையிலேயே பிடித்துவிட்டேன். பக்கத்தில் மெதுவாக உருட்டிக்கொண்டு இடதுபக்கக் கதவைத் திறந்துவிட்டேன். அவள் நிற்கவில்லை. முதல் கியரில், அவள் நடைக்குச் சரியாக ஓட்டிக்கொண்டே வந்தேன். 

"கதவு தொறந்துதான் இருக்குது" என்றேன்.

களத்தில் நின்றவர்கள் வேலையை விட்டுவிட்டு ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். "ஏப்பா சின்னவனே, பொண்டாட்டிய அப்பன் வூட்டுக்கு அனுப்பறதுக்கு ஊர்கோலமா?" என்று ஒருவன் கத்தினான். "மேளம் மட்டுந்தான் கொறைச்சல்" என்றான் இன்னொருவன். எதிரில் தன் மாட்டுவண்டியில் அண்ணன் வந்துகொண்டிருந்தான். ஒதுங்கி வண்டியை நிறுத்தி, நாங்கள் கடந்து போகும்வரை பார்த்தான்.  சிரிக்கவில்லை. அவன் சிரித்திருந்தால் இவ்வளவு வருஷம் நான் அவனை வெறுத்திருக்க மாட்டேனோ என்னவோ.

குழந்தை மூட்டைக்குக் கீழேயிருந்து கையை நீட்டியது. "காரு, காரு. ஏறலாம்மா."

"வேணாம் கண்ணு" என்றாள் அவள், என்னைப் பார்க்காமல். "அது நம்ம மொளகாச் செடி மேல ஓடிக்கிட்டிருக்குது. ஏறுனா கண்ணு எரியும்."

"இல்லம்மா, ரோட்டு மேலதான் ஓடுது" என்றது குழந்தை.

"உனக்குத் தெரியாது" என்றாள்.

மூன்று மைல் அப்படியே போனோம். வெயில் ஏறிவிட்டது. பாப்பாரப்பட்டியில் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்ததும் அவள் மூட்டையை இறக்கி வைத்தாள். பஸ் மேட்டில் திரும்புவது தெரிந்தது. நான் இறங்கி அவளிடம் போயிருக்க வேண்டும். இரண்டு நாளைத் திரும்ப வாங்கிவிடுகிறேன், காரை அவனிடமே தள்ளிவிடுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அவளும் அதற்காகத்தான் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அவள் கிட்டே வந்தாள். திறந்திருந்த கதவைப் புறங்கையால் தள்ளிச் சாத்தினாள். பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

அந்தக் கதவு சாத்தின சத்தம் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்றுதான் நான் அப்போது நினைத்தேன். மூன்று மைல் முதல் கியரிலேயே வந்தும் கிளட்ச் ஒரு தடவைகூட நடுங்கவில்லை என்றும் நினைத்தேன். பஸ் போன தூசி அடங்கும்வரை இன்ஜினை நிறுத்தாமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மறுநாள் மத்தியானம் மாமனார் அனுப்பிய ஆள் ஒருவர் வந்தார். கல்யாணத்தில் அவளுக்குச் சீராகக் கொடுத்த பசுவையும் அதன் கன்றையும் அவிழ்த்து, பொம்மிடிக்கு நடத்தி ஓட்டிக்கொண்டு போனார்.